இல்லை என்ற சொல் தொங்கிய கிளை

அந்தப் பெண் காலை பத்து மணியிலிருந்து எங்கள் அலுவலக வரவேற்பில் உட்கார்ந்திருந்தார். நான் அவரைக் கவனித்தபோது மணி பன்னிரண்டரை. தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், நாற்காலியின் நுனியில், மடியில் ஒரு நீள நோட்டை வைத்துக்கொண்டு, யார் கதவைத் திறந்தாலும் பாதி எழுந்து மறுபடி உட்காரும் ஒருவரைப் பார்த்தேன். யார் என்று கேட்டேன். "கம்ப்ளெயின்ட் பார்ட்டிங்க மேடம். அப்பாயின்ட்மென்ட் இல்லீங்க. உக்காரச் சொல்லியிருக்கேனுங்க" என்றார் வரவேற்பில் இருந்தவர். இரண்டரை மணி நேரமாக ஒருவரை உட்கார வைத்திருப்பதைக்கூட எங்கள் ஊரில் இவ்வளவு மரியாதையாகச் சொல்லிவிடலாம்.

நான் அருகில் போனதும் அவர் எழுந்துகொண்டார். முப்பத்தைந்து வயதிருக்கும். அவிநாசிப் பக்கத்துச் சாயப்பட்டறை ஒன்றின் பெயரைச் சொன்னார். அங்கே லேபில் வேலை பார்த்தவர். பார்த்தவர் என்று இறந்த காலத்தில்தான் சொன்னார். அந்தப் பட்டறையின் பெயர் எனக்குப் புதிதல்ல. மூன்று வாரம் முன்னால் அந்தப் பட்டறை விபத்தைப் பற்றிய அறிக்கையில் கையெழுத்துப் போட்டவள் நான்.

எங்கள் அலுவலகம் சரவணம்பட்டியில் இருக்கிறது. சாயமேற்றும் இயந்திரங்களை இயக்கும் மென்பொருள் செய்கிறோம். பெரிய எஃகுத் தொட்டிக்குள் துணி சுற்றிச்சுற்றி வரும். எப்போது சூடேற்றுவது, எப்போது சாயம் விடுவது, எப்போது தண்ணீரை வடிப்பது என்பதையெல்லாம் பட்டறைக்காரர்கள் சில வரிகளாக எழுதிக் கொடுப்பார்கள். அந்த வரிகளைப் படித்து இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர் என்ற நிரல். எங்கள் கம்பைலரில் தமிழிலேயே எழுதலாம். ஒவ்வொரு கண்காட்சியிலும் அதைத்தான் பேனரில் பெரிதாகப் போடுவோம்.

அந்தப் பெண் தமிழில்தான் எழுதியிருந்தார். நோட்டை விரித்துக் காட்டினார். வால்பாறைத் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்து, அங்கேயே பன்னிரண்டாவது முடித்து, சாயப்பட்டறை வேலைக்கு இறங்கி வந்தவர். எங்கள் கையேட்டைத் தானே படித்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டிருந்தார். கையேட்டின் வரிகள் பக்கத்தில், அவர் எழுதியது எதிர்ப்பக்கத்தில். அதில் ஒரு வரியைச் சிவப்பு மையில் கோடிட்டிருந்தார்.

இல்லை (சூடு அல்லது திறப்பு) எனில் வடி.

தண்ணீர் சூடாக இருக்கக் கூடாது, மூடியும் திறந்திருக்கக் கூடாது. இரண்டும் இல்லாவிட்டால் மட்டும் வடிக்கலாம் என்று பொருள். அன்றைக்கு ஒரு புதுத் துணிக்கு நிறம் பார்க்க வேண்டியிருந்தது. தண்ணீர் சூடாக இருக்கும்போதே மூடியைத் திறந்து ஒரு துண்டு வெட்டி எடுத்தார்கள். மூடி திறந்ததும் வடிகால் வால்வு தானாகத் திறந்துகொண்டது. கொதிக்கும் சாயத் தண்ணீர் தரையிலிருந்த கால்வாயில் பாய்ந்தது. கால்வாய்க்குள் நின்று பஞ்சுக் கசடை வாரிக்கொண்டிருந்த துப்புரவுக்கார அம்மா ஒருவரின் இரண்டு கால்களும் முழங்கால் வரை வெந்துபோயின.

"நான் எழுதுனதுல எங்கீங்க தப்பு? அத மட்டும் சொல்லுங்க. சொன்னீங்கன்னா ஒத்துக்கிட்டுப் போயிர்றனுங்க" என்றார் அவர். "ரெண்டு வருசமா இதே வரிதானுங்க ஓடுச்சு. உங்க ஆளு வந்து புது வெர்ஷன் ஏத்திப்போட்டுப் போனாரு. அதுக்கு அடுத்த வாரந்தான் இப்படி ஆச்சுங்க. அதை யாருகிட்டச் சொன்னாலும் கேக்க மாட்டீங்கறாங்க."

நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. எனக்கு வந்தது பட்டறை அனுப்பிய நிரலும், எங்கள் மேலாளரின் ஒருவரிக் குறிப்பும்: "அடைப்புக்குறியைத் தப்பாப் போட்டிருக்காங்க போலிருக்கு, பாத்து அனுப்பிருங்க." நான் பத்து நிமிடம் பார்த்தேன். சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பதினோரு வருடமாக வேலை செய்யும் கம்பைலரை நம்புவதா, ஏதோ ஒரு பட்டறையில் யாரோ எழுதிய வரியை நம்புவதா? "பயனர் நிரலில் பிழை. மென்பொருளில் குறை இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன். அந்த ஒரு தாளை வைத்து இவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். காரணத்தைப் பெயரோடு தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

அவரிடம் அப்போது இதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. நோட்டின் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு, இரண்டு நாள் பொறுங்கள் என்றேன். "சரீங்க. ரெண்டு நாள்னா புதன்கிழமைங்களா?" என்று நிச்சயப்படுத்திக்கொண்டு போனார்.

ஒரு வரியைப் படித்ததும் கம்பைலர் அதை உள்ளே ஒரு மரமாகக் கட்டிக்கொள்ளும். தலைகீழ் மரம், வேர் மேலே, கிளைகள் கீழே. எந்தச் சொல் எந்தச் சொல்லை ஆளுகிறது என்பது அந்த மரத்தில்தான் இருக்கும். அதன் பிறகு வரியை அது திரும்பிப் பார்ப்பதே இல்லை. மரத்தை வைத்துத்தான் எல்லாம். ஆனால் அந்த மரத்தை மனிதர் யாரும் பார்த்ததில்லை. அதை எழுத்தாகக் கொட்டச் சொல்லும் ஒரு வசதி மட்டும் உண்டு. கொட்டச் சொன்னேன். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக, அதற்குள் எண்ணாக, பக்கம் பக்கமாக வந்தது. ஒரு மணி நேரம் விரலை வைத்து எண்ணிப் பார்த்தேன். எந்த அடைப்பு எங்கே மூடுகிறது என்பது நடுவில் தொலைந்துகொண்டே இருந்தது. இதைப் பிடித்துக்கொண்டு யாரிடம் போய் என்ன நிரூபிக்க முடியும்?

படமாக வரைந்துவிடலாம் என்று தோன்றியது. பெரிய வித்தை ஒன்றுமில்லை. மரத்தில் கிளை பிரியும் ஒவ்வொரு கணுவாக நடந்து, இதிலிருந்து இதற்கு ஒரு கோடு என்று ஒரு கோப்பில் எழுத வேண்டும். அந்தக் கோப்பைக் கொடுத்தால் வட்டமும் கோடுமாக வரைந்து தரும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. நாற்பது வரியில் எழுதி முடித்தேன். முதல் படம் வந்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. மரமே இல்லை அது, சிக்கு விழுந்த நூல்கண்டு. கணுவின் பெயராக அதிலிருந்த சொல்லையே கொடுத்திருந்தேன். அதனால் நிரலில் எத்தனை 'அல்லது' இருந்ததோ அத்தனையும் ஒரே வட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டன. ஒவ்வொரு கணுவுக்கும் தனி எண் கொடுத்து, சொல்லை மேலே எழுதும் பெயராக மட்டும் வைத்தேன். இப்போது மரம் வந்தது, ஆனால் திரையில் அடங்காமல் பக்கவாட்டில் நீண்டுகொண்டே போனது. வடிக்கும் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து மறுபடி வரைந்தேன்.

பார்த்ததும் நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டேன்.

உச்சியில் 'இல்லை' இருக்க வேண்டும். அதற்குக் கீழே 'அல்லது'. அதற்குக் கீழே சூடு ஒருபுறம், திறப்பு ஒருபுறம். படத்தில் உச்சியில் 'அல்லது' இருந்தது. 'இல்லை' இடது கிளையில் இறங்கிப்போய் சூட்டுக்கு மேல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. வலது கிளையில் திறப்பு தனியாக, அதைத் தடுக்க யாருமில்லாமல் நின்றது. அதாவது: சூடு இல்லாவிட்டால் வடி, அல்லது மூடி திறந்திருந்தால் வடி. தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் மூடியைத் திறந்தால் வடித்துவிடு. அந்தப் பெண் எழுதியதை எங்கள் கம்பைலர் இப்படித்தான் படித்திருக்கிறது. பழைய பதிப்பிலும் அதே வரியைக் கொடுத்து வரைந்தேன். மரம் சரியாக நின்றது. புதிய பதிப்பில் அடைப்புக்குறியைக் கையாளும் இடத்தை யாரோ 'சுருக்கியிருந்தார்கள்'.

இரண்டு படங்களையும் அச்சடித்து எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். அந்தக் கம்பைலரின் முதல் வடிவத்தை எழுதியவரே அவர்தான். மிகவும் மரியாதையான மனிதர். காவலாளியைக்கூட ஒருமையில் அழைக்க மாட்டார். படத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நீங்க வரைஞ்ச படம் தப்பா இருக்கலாமுங்களே?"

"பழைய பதிப்புக்கும் இதே நிரல்தானுங்க வரைஞ்சுது. அது சரியா வந்திருக்கு."

தாள்களை மேசையில் வைத்தார். பிறகு சொன்னார். "படம் அருமையா இருக்குதுங்க. இத்தனை நாளா நமக்கு இது தோணலியே பாருங்க. ஆனா இது நம்ம ஊட்டுக்குள்ளயே இருக்கட்டுமுங்க. அடுத்த வெர்ஷன்ல சத்தமில்லாம சரி செஞ்சுபோடலாம்."

"அந்தப் பொண்ணுக்கு என்னங்க சொல்றது?"

"எந்தப் பொண்ணுங்க?"

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே அவருக்கு நினைவில்லை. அதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. ஒருவரின் பிழைப்பைப் பறித்துவிட்டு, மறைப்பதற்குக்கூட அவசியமில்லாத அளவுக்கு மறந்துபோயிருந்தார். சொன்னேன். "அடடா, பாவமுங்க" என்றார். அந்த 'ங்க'வைக் கேட்டதும் எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். இவ்வளவு மெதுவாக, இவ்வளவு இதமாகப் பேசிக்கொண்டே ஒரு அநியாயத்தைச் செய்து முடிப்பவரிடம் எந்த இடத்தில் கோபப்படுவது?

"நான் கையெழுத்துப் போட்ட அறிக்கை தப்புங்க. அதை வாபஸ் வாங்கணும். எல்லாப் பட்டறைக்கும் சொல்லியாகணும்" என்றேன்.

"ஆகட்டுமுங்க, யோசிப்போம். அவசரப்படாதீங்க."

புதன்கிழமை அந்தப் பெண் சொன்னபடி வந்தார். இந்த முறை அவரை வரவேற்பில் உட்கார விடவில்லை. என் மேசைக்கே அழைத்துவந்து படங்களை முன்னால் வைத்தேன். அவர் ஒரு நிமிடம் பார்த்தார். 'இல்லை' என்ற வட்டத்தில் விரலை வைத்து, அங்கிருந்து 'அல்லது'வுக்கும் மேலே மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். "இது இங்கல்ல இருக்கோணும்" என்றார். பிறகு நான் அறிக்கையைப் பற்றிச் சொன்னேன். நான்தான் எழுதினேன் என்றும், பத்து நிமிடம்தான் பார்த்தேன் என்றும் சொன்னேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "படிச்சவங்க நீங்க. பாத்துத்தான் எழுதியிருப்பீங்கன்னு நானே பல நாள் நினைச்சனுங்க. நம்மதான் எங்கியோ தப்புப் பண்ணிப்போட்டம், கசடு வார்ற அக்கா காலு நம்மாலதான் வெந்து போச்சுன்னு சோறு எறங்கலீங்க" என்றார். அழவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. என் முகத்தில்தான் சூடு ஏறியது.

அந்த வாரக் கடைசியில், பிழையைச் சரிசெய்த அடுத்த பதிப்பு வெளிவந்தது. அதனுடன் போகும் மாற்றக் குறிப்பை ஆவலாகத் திறந்து பார்த்தேன். "சிறு மேம்பாடுகள்" என்று இருந்தது. அவ்வளவுதான். ஒரு பெண்ணின் இரண்டு கால்களும் இன்னொரு பெண்ணின் வேலையும் சிறு மேம்பாடுகள். பதிப்பை மாற்றாத பட்டறைகளில் அதே கம்பைலர் அதே தலைகீழ் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அது அவர்களுக்குத் தெரியவும் வழியில்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, எங்களிடம் மென்பொருள் வாங்கிய எல்லாப் பட்டறைகளுக்கும் நானே கடிதம் எழுதினேன். ஐந்தாறு வரிகள், தமிழில். 'இல்லை'க்குப் பின் அடைப்புக்குறி வரும் வரி எதையும் இந்த வாரம் வெளிவந்த பதிப்பை ஏற்றும்வரை ஓட்டாதீர்கள். தவறு எங்கள் கம்பைலருடையது. அவிநாசிப் பட்டறையின் நிரலில் பிழை என்று நான் எழுதியது பொய்யாகிவிட்டது, அதை வாபஸ் வாங்குகிறேன். இரண்டு மரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைத்தேன். அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். கோபம் மட்டுமே இருந்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். பயமும் இருந்தது.

அரை மணி நேரத்தில் தொலைபேசிகள் அடிக்க ஆரம்பித்தன. ஒரு பட்டறைக்காரர் என்னிடமே பேசினார். "ஏனுங்க மேடம், எங்குளுதுலயும் தண்ணி தானா வடிஞ்சுதுங்க. வால்வு ரிப்பேருன்னு நினைச்சு ரெண்டு தடவை மாத்திப்போட்டம். படத்தைப் பாத்ததும் வெளங்கிப்போச்சு." அவர் எட்டாவது வரை படித்தவர் என்று பேச்சோடு சொன்னார். எழுத்துக் குப்பையில் நான் ஒரு மணி நேரம் தேடியும் கிடைக்காதது அவருக்கு ஒரு பார்வையில் கிடைத்தது. இதைப் பார்த்தால் யாருக்கும் புரிந்துவிடும் என்பதால்தான் ஊட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்றார்கள்.

மேலாளர் என்னை அழைத்தார். "உங்களை நம்பியிருந்தனுங்களே" என்றார். அன்று மாலையே என் மின்னஞ்சலை முடக்கினார்கள். வேலையைவிட்டு நீக்குவார்கள் என்று நினைத்தேன். நன்றி சொல்லி வந்த பதில்கள் அதிகமாக இருந்ததால் அது முடியவில்லை. கம்பைலர் குழுவிலிருந்து எடுத்து, கையேடு எழுதும் அறைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து நிறுவனமே ஒரு கடிதம் அனுப்பியது. அதில் தவறு எங்களுடையது என்று ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. போதும் என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

இருவருமாக அவிநாசிப் பட்டறைக்குப் போனோம். முதலாளி காபி வரவழைத்தார். கடிதத்தைப் படித்தார், படத்தைப் பார்த்தார். "அட ஆமா, இது இடம் மாறித் தொங்குது" என்றார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "சரி அம்மணி, நடந்தது நடந்துபோச்சு. நாளைல இருந்து வந்துருங்க" என்றார்.

அவர் காபியைத் தொடவில்லை. "என்ற பேரைப் போர்டுல ஒட்டுனீங்க. அதே போர்டுல இதையும் ஒட்டுங்க."

"அதெல்லாம் எதுக்குங்க அம்மணி, பழசைக் கிளறிக்கிட்டு? நாங்க வாயில சொல்லிர்றம்."

"வாயில சொல்லியா என்னைய அனுப்புனீங்க?"

முதலாளி என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியதை அந்தப் பெண் சொல்லியாகிவிட்டது. கடைசியில் பட்டறையின் மேலாளர் ஒருவர் வந்து கடிதத்தை ஒட்டினார். நான்கு மூலையிலும் டேப் ஒட்டும்வரை அந்தப் பெண் அங்கேயே நின்றார். ஷிப்டு மாறும் நேரம். போனவர்களும் வந்தவர்களும் கூடி நின்று படித்தார்கள். பிறகு அவர் லேபுக்குள் போய்த் தன் டிபன் டப்பாவையும் லேப் கோட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். "திங்கக்கிழமை பெருந்துறையில ஒரு பட்டறையில சேர்றனுங்க. சொல்லிப்போட்டுப் போலாம்னுதான் நின்னேன்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் அந்தியூருக்குப் போனோம். கால் வெந்த அம்மா அங்கே மகள் வீட்டில் இருந்தார். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். புண் ஆறிவிட்டது, தோல் மட்டும் நிறம் மாறி, இழுத்துக் கட்டியதுபோல் பளபளத்தது. செருப்பு வார் பட்டால் உரிந்துவிடுகிறது என்றார். என் கூட வந்தவர் அவருடைய கைகளைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நான் எழுதுனது தப்பில்லீங்க அக்கா" என்றார். அங்கேதான் முதன்முதலாக அழுதார்.

"நீ தப்புப் பண்ணியிருப்பேன்னு நான் எப்பக் கண்ணு சொன்னேன்?" என்றார் அந்த அம்மா.

படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டார். மடித்து வைத்திருந்ததை விரித்துக் கொடுத்தேன். கூட வந்தவர் விரல் வைத்து விளக்கினார்: இது சூடு, இது மூடி, இந்த 'இல்லை' இங்கே வந்திருக்க வேண்டும். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கீங்க. இதுல நான் எங்க நின்னுட்டிருந்தனுங்க?"

"இதுல நீங்க இல்லீங்கம்மா" என்றேன்.

"ரெண்டு படத்துலயுமுங்களா?"

"ரெண்டுலயும் இல்லீங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். மகள் மோர் கொண்டுவந்தார். குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

கால்வாய்க்கு மேல் கம்பி மூடி போடச் சொல்லி அந்தப் பட்டறைக்கு இரண்டு முறை எழுதினேன். கொட்டேஷன் கேட்டிருக்கிறோமுங்க என்று பதில் வந்தது. இப்போது நான் எழுதும் ஒவ்வொரு கையேட்டிலும் வடித்தல் பற்றிய அத்தியாயத்தின் முதல் வரியாக, வால்வு திறக்கும் முன் மணி அடிக்க வேண்டும், கால்வாயில் ஆள் இருக்கிறாரா என்று ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். மேலாளர் ஒவ்வொரு முறையும் அதைச் சிவப்பில் அடித்து, "இது நம்ம மென்பொருள்ல வராதுங்க" என்று ஓரத்தில் எழுதி அனுப்புகிறார். நான் ஒவ்வொரு முறையும் திரும்பச் சேர்க்கிறேன். கையேட்டின் போன பதிப்பில் அது அச்சாகிவிட்டது. அவர் கவனித்தாரா, கவனிக்காததுபோல விட்டாரா என்று நான் கேட்கவில்லை.